உங்களுக்குத் தெரியுமா? மதங்கள் மறைந்துவிடுமா?

● அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் 1822-ல் ஒரு கடிதத்தில் ஆரூடம் சொன்னார். அன்று நாட்டிலிருந்த இளைஞர்கள் அத்தனை பேரும் யூனிட்டேரியன்களாகத்தான் கண்மூடுவார்களாம். திரித்துவத்தை ஒதுக்கி, அறிவுக்கு ஒத்துவரும் கிறிஸ்தவத்தைத் தேடிய சபை அது. இன்று அமெரிக்காவில் நூற்றுக்கு ஒருவர்கூட அதில் இல்லை.

● 21-ம் நூற்றாண்டில் மத நம்பிக்கையாளர்கள் சிறு சிறு குழுக்களாகத்தான் மிஞ்சுவார்கள் என்று 1968-ல் நியூயார்க் டைம்ஸ் இதழிடம் சொன்னவர் சமூகவியலாளர் பீட்டர் பெர்கர். 1999-ல் தாம் தொகுத்த நூலிலேயே அந்தக் கருத்தைத் திரும்பப் பெற்றார். தன் துறையே நம்பியிருந்த ஒன்றைத் தவறு என்று ஓர் அறிஞர் வெளிப்படையாக எழுதுவது அபூர்வம். அவரைப் படிக்க வேண்டியதற்கு அதுவே போதுமான காரணம்.

● உலகின் முதல் நாத்திக நாடு என்று தன்னை அறிவித்துக்கொண்டது அல்பேனியா. ஆண்டு 1967, ஆட்சியாளர் என்வர் ஹோஜா. மசூதிகள், தேவாலயங்கள், மடங்கள் என்று 2,000-க்கும் மேற்பட்டவை மூடப்பட்டன. ஷ்கோடர் நகரப் பேராலயம் விளையாட்டு அரங்கமானது. ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததற்காகக் கத்தோலிக்கக் குரு ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மதப் பெயர் வைத்திருந்தவர்கள் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று 1975-ல் ஆணை வந்தது. எந்த மதத்தையும் அரசு ஏற்காது என்று 1976 அரசியல் சாசனமே சொன்னது. ஆனால் 1990 நவம்பரில், அரசு முழுதாக விழுவதற்கு முன்பே, நெடுங்காலம் சிறையில் கிடந்த சைமன் யுபானி என்ற குரு ஷ்கோடர் கல்லறைத் தோட்டத்தில் திருப்பலி நடத்தினார். கூட்டம் திரண்டு வந்தது. 2011 கணக்கெடுப்பில் தங்களை நாத்திகர் என்று பதிவு செய்த அல்பேனியர்கள் 2.5 சதவீதம்தான்.

தடை நீடித்தது 23 ஆண்டுகள். ஜெபம் தெரிந்த பாட்டிகள் அத்தனை பேரும் மறைந்துபோக அந்தக் காலம் போதவில்லை. கொடுமைக்குப் பலன் இவ்வளவுதான்.

● சோவியத் ஒன்றியத்தின் 1937 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கடவுள் நம்பிக்கை உண்டா என்ற கேள்வியும் இருந்தது. தேவாலயங்களை இடித்துக்கொண்டிருந்த அரசிடம், பெயரும் முகவரியும் தெரிய, 16 வயதைக் கடந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ‘உண்டு’ என்றார்கள். முடிவுகள் அமுக்கப்பட்டன. கணக்கெடுத்த அதிகாரிகளில் பலர் கைதானார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். 1939-ல் மீண்டும் கணக்கெடுத்தபோது அந்தக் கேள்வியே இல்லை.

● பிரெஞ்சுப் புரட்சி, ஞாயிற்றுக்கிழமையையே ஒழிக்கப் பத்து நாள் வாரம் கொண்டுவந்தது. 1806-ல் நெப்போலியன் பழைய நாட்காட்டிக்கே திரும்பினார்.

● இதனால் மதங்கள் சாகாவரம் பெற்றவை என்று நினைத்துவிட வேண்டாம். 3-ம் நூற்றாண்டில் மெசொப்பொத்தேமியாவில் மானி தொடங்கிய மதம் ரோமிலிருந்து சீனா வரை பரவியது. புனித அகுஸ்தீன்கூட இளமையில் சுமார் ஒன்பது ஆண்டுகள் அதைப் பின்பற்றினார். ரோமப் பேரரசு, அப்பாசியர், சீனத்துத் தாங் அரசு என்று ஒருவர் மாற்றி ஒருவர் நூற்றாண்டுக் கணக்கில் துரத்தியதில் அது அழிந்தது. சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் உள்ள சாவோஆன் கோயிலில் மானியின் கற்சிலை இன்றும் இருக்கிறது. அங்குள்ள மக்கள் அதைப் புத்தர் என்றே கும்பிட்டு வந்தார்கள்.

நம் பக்கத்து உதாரணம் ஆசீவகம். அசோகர் பராபர் குன்றுகளில் குகைகளைக் கொடுத்தது இவர்களுக்குத்தான். மணிமேகலை கொள்கை கேட்டறியும் சமயவாதிகளில் ஓர் ஆசீவகரும் உண்டு. வடக்கே மங்கிய பிறகும், தென்னாட்டில் 14-ம் நூற்றாண்டு வரை இவர்கள் இருந்ததாக ஆய்வாளர் பாஷம் கணிக்கிறார். தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் வரும் ‘ஆசுவக்கடமை’ இவர்கள்மேல் விழுந்த வரி என்பது அவர் கருத்து. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஒரு சமயத்தின் சொந்த நூல் ஒன்றுகூட இன்று நம் கையில் இல்லை. எதிராளிகளான சமணரும் பௌத்தரும் எழுதிவைத்ததைக் கொண்டுதான் அவர்களை அறிகிறோம். நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

● இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எவரும் எதையும் தடை செய்யவில்லை. ஆனாலும் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 2001-ல் 71.7 சதவீதம், 2011-ல் 59.3, 2021-ல் 46.2. அதே 2021-ல் மதமில்லை என்றவர்கள் 37.2. காரணத்தை வீட்டுக்குள் தேடச் சொல்கிறது டேவிட் வோவாஸ், அலஸ்டைர் கிராக்கெட் இருவரின் 2005 ஆய்வு. பிரிட்டனில் தாய், தந்தை இருவருமே மதப்பற்று உள்ளவர்களாக இருந்தாலும் பிள்ளைக்கு அது போய்ச் சேரும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதிதான். ஒருவர் மட்டும் என்றால் அதிலும் பாதி. ஹோஜாவின் துப்பாக்கியால் முடியாததை, இரண்டு தலைமுறை வீட்டு மௌனம் செய்துவிடுகிறது.

● ஜெர்மனியில் சபையை விட்டு விலக அரசு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்திட வேண்டும். உறுப்பினராக இருக்கும் வரை வருமான வரியில் 8 அல்லது 9 சதவீதம் சபை வரி உண்டு. 2022-ல் மட்டும் 5,22,821 கத்தோலிக்கர்கள் விலகினார்கள். வரி மட்டும் காரணமல்ல. குழந்தைகள்மீது குருமார் செய்த பாலியல் கொடுமைகளும், அவற்றை மறைத்த மேலிடமும் நம்பிக்கையை உடைத்துவிட்டன. அப்படி விலகியவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

● மதமில்லாதவர் எல்லாரும் நாத்திகர் அல்ல. அமெரிக்காவில் ‘எந்த மதமும் இல்லை’ என்போரில் நாத்திகர் 17 சதவீதம்தான் என்கிறது பியூ ஆய்வு மையம். ஜப்பானில் மத அமைப்புகள் தரும் உறுப்பினர் கணக்கைக் கூட்டினால் நாட்டின் மக்கள்தொகையைத் தாண்டிவிடும். ஆனால் அதே மக்களிடம் கேட்டால், பெரும்பாலோர் தமக்கு மதமில்லை என்பார்கள். புத்தாண்டுக்குக் கோயில் வாசலில் வரிசையில் நிற்பவர்களும் அவர்களே.

● மதத்தை விட்டபின் சடங்கு என்னாகும்? 1967-ல் அண்ணா ஆட்சியில் நிறைவேறிய சுயமரியாதைத் திருமணச் சட்டம் புரோகிதரும் மந்திரமும் தேவையில்லை என்றது. ஆனால் உற்றார், நண்பர் முன்னிலையை வைத்துக்கொண்டது. மணமக்கள் தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும், தாலி கட்டினாலும் சரி. கூடும் மனிதர்களைக் கைவிடாததால்தான் அது நிலைத்தது என்பேன். 2013-ல் லண்டனில் தொடங்கிய கடவுளில்லா ‘சண்டே அசெம்பிளி’ பல ஊர்களுக்குப் பரவியது. ஆனால் தொடர்ந்து ஆட்களைக் கூட்டி நடத்துவது எளிதாக இல்லை, பல கிளைகள் மூடப்பட்டன.

● மதம் மங்குகிறது என்ற பேச்சு பெரும்பாலும் ஐரோப்பாவை வைத்தே நடக்கிறது. அது போதாது. பியூ மையத்தின் 2020 கணக்குப்படி உலகக் கிறிஸ்தவர்களில் ஐரோப்பாவில் இருப்போர் 22.3 சதவீதம். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் 30.7 சதவீதம். அங்கே குழந்தைகள் அதிகம் பிறக்கிறார்கள், வீட்டில் ஜெபமும் தொழுகையும் கேட்டே வளர்கிறார்கள். உலகம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால், 2010-ல் 76.7 சதவீதமாக இருந்த மதத்தவர் பங்கு பத்து ஆண்டுகளில் 75.8 ஆகியிருக்கிறது.