அன்று நான் திட்டாமல் இருந்திருந்தால்...



2025 பிப்ரவரியில் எங்கள் வீட்டில் நடந்த சம்பவம் இது. இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் வெட்கம்தான். வீட்டில் பெரியவர்கள் இருக்கும் வாசகிகளுக்குப் பயன்படுமே என்று இப்போது எழுதுகிறேன்.

என் மாமனாருக்கு வயது 78. துறைமுகத்தில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூலக்கொத்தளத்தில் எங்களோடுதான் இருக்கிறார். கணக்கு வழக்கில் படு கறார். 'மாமாவை யாரால் ஏமாற்ற முடியும்?' என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருக்குப் போன் வந்திருக்கிறது. "உங்க ஆதார் நம்பர்ல வெளிநாட்டுக்குப் போன பார்சல்ல போதைப் பொருள் இருந்துச்சு. கஸ்டம்ஸ் பிடிச்சு வெச்சிருக்கு" என்று ஒருவன். எனக்கு வந்திருந்தால் சிரித்துவிட்டு வைத்திருப்பேன். ஆனால் மாமாவோ, கஸ்டம்ஸ்காரர்கள் பெட்டியைப் பிரித்துச் சோதிப்பதை ஹார்பரில் கண்ணால் பார்த்தவர். அதனாலேயே நம்பிவிட்டார்!

அடுத்து வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு இன்னொருவன். பின்னால் கொடி, முத்திரை எல்லாம் இருந்ததாம். "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம். கேமராவை அணைக்கக் கூடாது. வீட்ல யார்கிட்டயாவது சொன்னா அவங்களையும் சேர்த்து உள்ளே தள்ளுவோம்" என்று மிரட்டியிருக்கிறான். கையில் இருக்கும் பணத்தை எல்லாம் 'ரிசர்வ் வங்கி சோதனைக்கு' அனுப்ப வேண்டுமாம். நல்ல பணம் என்று தெரிந்தால் மூன்று நாளில் திரும்பி வந்துவிடுமாம்.

நான் கஞ்சி கொண்டு போனபோது அறைக்கதவு சாத்தியிருந்தது. "ஆபீஸ் போன்மா, அப்புறம் வா" என்றார். ரிட்டயர் ஆனவருக்கு ஏது ஆபீஸ்? அப்போதே கேட்டிருக்க வேண்டும். பென்ஷன் விஷயமாக இருக்கும் என்று திரும்பிவிட்டேன். அன்று மதியமே வங்கிக்குப் போய் இரண்டு லட்சம் ரூபாய் அனுப்பியிருக்கிறார்.

மறுநாள் பிக்சட் டெபாசிட்டில் இருந்த ஆறு லட்சத்தையும் உடைக்கப் போனார். என் நாத்தனார் மகளின் கல்யாணத்துக்கென்று அவர் சேர்த்து வைத்த பணம் அது. கவுண்ட்டரில் இருந்த பெண்ணுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "எதுக்கு ஐயா இவ்வளவு பணம்?" என்றால், அவன்கள் சொல்லிக் கொடுத்தபடி "நிலம் வாங்க" என்றாராம். கை நடுங்குகிறது, சட்டைப் பையில் போன் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பெண் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. செலான் பின்னால், 'யாராவது மிரட்டுகிறார்களா?' என்று எழுதி நீட்டினாள். அதைப் படித்ததும் மாமாவின் கண்ணில் தண்ணீர். தலையை மட்டும் ஆட்டியிருக்கிறார். ஆறு லட்சம் தப்பியது அவளால்தான். அந்த மகராசி நன்றாக இருக்கட்டும்!

அவளே எங்களை வரவழைத்து, 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கும் பேச வைத்தாள். எந்த வங்கி, எத்தனை மணி, எவ்வளவு, வங்கிச் சீட்டில் உள்ள பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்டார்கள். பணம் போன கணக்கை உடனே முடக்கச் சொல்வார்களாம். ஆனால் அதற்குள் 1,40,000 ரூபாய் கை மாறிவிட்டது. மீதி 60,000 மட்டும் முடங்கி, கோர்ட் உத்தரவுக்குப் பிறகு பல மாதம் கழித்து வந்தது. முதல் நாளே பேசியிருந்தால் இன்னும் கிடைத்திருக்கும்.

சரி, பக்கத்து அறையில் இருந்த என்னிடம் அவர் ஏன் சொல்லவில்லை? கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றும் என்னைக் குத்துகிறது: "நீ திட்டுவியேன்னு பயந்தேம்மா."

முந்தின வருடம், 'கரண்ட் பில் கட்டவில்லை, இன்றிரவு கனெக்‌ஷன் துண்டிக்கப்படும்' என்று வந்த பொய் மெசேஜை நம்பி 4,000 ரூபாய் விட்டார். அன்று நான், "வயசானா போனை நோண்டாம சும்மா இருக்கணும் மாமா" என்று பேரப்பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தைதான் இந்த முறை அவர் வாயைக் கட்டிவிட்டது. யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் திருடனும் சொல்கிறான். நாமும் திட்டிவிட்டால் அவன் வேலையை நாமே செய்து கொடுத்த மாதிரி.

ஏமாறுவதற்குப் படிப்போ பணமோ தடையில்லை. வர்த்தமான் ஜவுளி நிறுவனத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், 82 வயதில், 2024 ஆகஸ்டில் போலி சுப்ரீம் கோர்ட் விசாரணையை வீடியோவில் காட்டியவர்களிடம் 7 கோடி கொடுத்தார். புகார் கொடுத்ததால் 5 கோடிக்கு மேல் மீட்கப்பட்டது. ஹரியானா மாநிலம் அம்பாலாவில் ஒரு முதிய தம்பதி இப்படியே ஒரு கோடிக்கு மேல் இழக்க, 2025 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கை எடுத்தது. டிசம்பர் 1-ம் தேதி சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது.

சகோதரிகளே, நம் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. 27.10.2024 அன்று வானொலி உரையில் பிரதமரே இதைச் சொன்னார். அது மட்டுமல்ல, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டப்படி, சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் 60 வயதைத் தாண்டிய ஆண்களையும், எந்த வயதுப் பெண்களையும் போலீஸ் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது. இதைப் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள். பாதி பயம் போய்விடும்.

இப்போது எங்கள் வீட்டில் சில பழக்கங்கள்:

* மாமா கட்டில் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு அட்டை: 'பயமுறுத்தினால் போனை வை. வீட்டில் சொல். 1930.'

* டெபாசிட்டை அவர் சம்மதத்தோடு, அவரும் என் கணவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்று மாற்றினோம்.

* 'வாழ்நாள் சான்றிதழ் தரணும், ஓ.டி.பி. சொல்லுங்க' என்று போன் வந்தால் பதிலே கிடையாது. தபால்காரரே வீட்டுக்கு வந்து பதிந்து கொடுக்கும் வசதி இருக்கிறது.

* இரவு சாப்பாட்டின்போது, "இன்னிக்கு யார் யார் போன் பண்ணாங்க மாமா?" என்று கேட்பேன். விசாரணை மாதிரி இல்லை, கதை கேட்கிற மாதிரி. தனியாக இருக்கும் மனிதருக்கு அதுவே பெரிய ஆறுதல்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, பேரப்பிள்ளைகள் முன்னாலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, விடும்மா" என்றார்.

போன மாதம் கூடத்திலிருந்து ஒரு சத்தம்: "கண்ணு, இங்க வா! மறுபடியும் கஸ்டம்ஸ் வந்துக்கினு இருக்கான்!"

ஓடினேன். போனை என்னிடம் நீட்டிவிட்டு மாமா சிரிக்கிறார். நான் "ஹலோ" என்றதும் அவன் வைத்துவிட்டான்.

அந்த 1,40,000 போனது போனதுதான். ஆனால் மாமா இப்போது என்னைக் கூப்பிடுகிறாரே... அது போதும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே சொல்லி விடுங்கள்: "என்ன நடந்தாலும் என்கிட்ட சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன்."

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
மூலக்கொத்தளம், சென்னை.