முதல் எழுத்துக்குப் பரிசு

இளமையில் எழுதத் தொடங்குவோர் பலர். அவருள், தாம் எழுதியது நன்றோ அன்றோ என்பதைத் தாமே தெளிய வல்லவர் மிகச் சிலர். பெற்றோர் காட்டும் பரிவும் நண்பர் கூறும் புகழும் அன்பு காரணமாக எழுவன. அவற்றைக்கொண்டு எழுத்தின் தகுதியை அளத்தல் இயலாது. முன்பின் அறியாத ஒருவர் விடுக்கும் கதையை முற்றும் படித்துப் பார்க்க இதழாசிரியர்க்கு நேரம் வாய்ப்பதும் அரிது. அச்சேறாத எழுத்தை ஒருவரும் படிப்பதில்லை; ஒருவரும் படியாத எழுத்து அச்சேறுவதும் இல்லை. இவ்விடர்ப்பாட்டில் நிற்கும் இளைஞர்க்கு ஒரு சிறு வாயிலைத் திறந்துவிடுவனவே புதிய எழுத்தாளர்க்கென ஏற்பட்ட பரிசுகள். அவற்றால் விளையும் நன்மை யாது, அந்நன்மைக்கு எல்லை யாது என்பனவற்றை அறிய வங்க நாட்டில் நிகழ்ந்த ஒரு பரிசின் வரலாறு பெரிதும் துணைசெய்யும்.

சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில், கல்கத்தா நகரில் ஹேமேந்திர மோகன் போஸ் என்னும் வணிகர் ஒருவர் வாழ்ந்துவந்தார். மிதிவண்டி விற்பனை, அச்சகம், ஒலிப்பதிவு எனப் புதியன பலவற்றில் அவர் ஈடுபட்டார். எனினும் அவர்க்குப் பெரும்பெயர் ஈட்டித் தந்தவை ‘குந்தலீன்’ என்னும் கூந்தல் தைலமும், ‘தெல்கோஷ்’ என்னும் நறுமணப் பொருளுமேயாம். குந்தளம் என்பது கூந்தலைக் குறிக்கும் சொல் எனத் தமிழ் பயில்வாரும் அறிவர். அச்சொல்லின் வழியாகவே தைலத்தின் பெயர் அமைந்தது. இவ்வணிகர் 1896-ஆம் ஆண்டில் சிறுகதைக்குப் பரிசு ஒன்றை நிறுவினார். பரிசு பெற்ற கதைகளை நூலாக அச்சிட்டு வெளியிடவும் செய்தார்.

போட்டிக்கு அவர் விதித்த விதி புதுமையானது. கதையினுள் குந்தலீனும் தெல்கோஷும் எவ்வாறேனும் இடம்பெறல் வேண்டும். ஆனால் அதனால் கதையின் அழகு சிறிதும் குன்றலாகாது. படிப்பவர்க்கு அது விளம்பரமெனத் தோன்றவும் கூடாது. இலக்கியத்தில் எண்ணெய் மணம் கமழலாமோ என்று நகைப்பாரும் இருக்கலாம். வணிகர் தம் ஊதியத்தை மறந்தாரல்லர் என்பதும் உண்மையே. ஆயினும், விளம்பரமாகத் தோன்றலாகாது என்று தமக்குத் தாமே தடை விதித்துக்கொண்ட வணிகர் எத்துணைப் பேர்? ஈற்றடியைக் கொடுத்து வெண்பாவை முடிக்கச் சொல்லும் புலவரவை வழக்கத்தை இவ்விதி ஒருவாறு ஒத்திருக்கின்றது. கொடுத்த அடி எளியதாயினும் பாடுவோன் திறம் அதனுள் புலப்பட்டுவிடும்.

முதலாண்டுப் பரிசு பெற்ற கதை ஆசிரியர் பெயரின்றியே வெளிவந்தது. அதன் பொருள் வியப்பூட்டுவது. கல்கத்தாவை நோக்கிப் பெரும்புயல் வருகின்றது என வானிலை அறிந்தோர் அறிவிக்கின்றனர், மக்கள் அஞ்சியிருக்கின்றனர், புயலோ வாராமலே மறைந்துவிடுகின்றது. அறிவியலார் தத்தமக்குத் தோன்றிய காரணங்களைக் கூறி வாதிடுகின்றனர். உண்மைக் காரணம் கதைசொல்லிக்கே தெரியும். காய்ச்சலால் நலிந்து முடியுதிர்ந்த அவர், உடல்நலம் பெறும்பொருட்டு இலங்கைக்குக் கப்பலேறியவர். கடல் கொந்தளித்தபோது, மகள் பெட்டியில் வைத்தனுப்பிய குந்தலீன் புட்டி அவர் நினைவுக்கு வருகின்றது. நீர்ப்பரப்பின்மேல் எண்ணெய் படர்ந்தால் அலை அடங்கும் என்னும் உண்மையை எண்ணி, புட்டியைக் கடலில் எறிகின்றார், கடல் அமைதியுறுகின்றது. ஒரு புட்டி எண்ணெயால் புயல் தணியுமோ என்பது வேறு. வேடிக்கைக் கதையொன்றில் தைலமும் அறிவியலும் பிரிக்கவொண்ணாதவாறு பிணைந்து நின்றன. இதனை எழுதியவர், பின்னர் உலகப்புகழ் எய்திய அறிவியலறிஞர் ஜகதீச சந்திர போஸ் ஆவார். 1921-இல் வெளிவந்த தம் வங்கமொழிக் கட்டுரைத் தொகுதியில் இக்கதையைத் திருத்தி, தம் பெயராலேயே சேர்த்துக்கொண்டார். அவர் பேராசிரியர், இளைஞரல்லர். எனினும் கதையுலகிற்கு அவர் புதியவரே.

உண்மையில் வாயில் தேடி நின்ற இளைஞர் ஒருவர்க்கு இப்பரிசு பயன்பட்டது 1903-ஆம் ஆண்டில் ஆகும். அவர் சரத்சந்திர சட்டோபாத்தியாயர். 1876-இல் ஊக்ளி மாவட்டத்துத் தேவானந்தபூரில் பிறந்த அவர், வறுமை காரணமாகத் தாய்வழி உறவினர் வாழ்ந்த பாகல்பூரில் வளர்ந்தார். பொருளின்மையால் கல்லூரிப் படிப்பும் இடையில் நின்றது. தந்தையார் கதையும் கவிதையும் எழுதத் தொடங்குவார், எதனையும் முடித்தாரல்லர். அரைகுறையாகக் கிடந்த அத்தாள்களைப் படித்து, அவற்றின் முடிவு யாதாக இருக்கும் என்று எண்ணி இரவெல்லாம் உறங்காது கிடந்ததாகச் சரத்சந்திரர் பிற்காலத்தில் கூறியுள்ளார். பாகல்பூரில் நண்பர் சிலர் கூடிக் கையெழுத்து இதழ் ஒன்று நடத்திவந்தனர். அவ்வட்டத்திற்குள்ளேயே அவர்தம் கதைகள் உலவின. ‘தேவதாஸ்’ என்னும் கதையைத் தமிழ் மக்கள் மொழிபெயர்ப்பாலும் திரைப்படத்தாலும் நன்கு அறிவர். அதுவும் இக்காலத்தே எழுதப்பெற்று, அச்சேறாமல் கிடந்ததேயாகும்.

பிழைப்புத் தேடிப் பர்மாவுக்குப் புறப்பட இருந்த வேளையில், ‘மந்திர்’ என்னும் கதையை அவர் குந்தலீன் போட்டிக்கு விடுத்தார். மந்திர் என்பது கோயில். ஆனால் கதையின்மேல் தம் பெயரை எழுதினாரல்லர். மாமன் முறையினரும் தோழராகப் பழகியவருமான சுரேந்திரநாத கங்கோபாத்தியாயரின் பெயரை எழுதினார். கதை பரிசு பெற்றது. அச்சில் வந்த அவரது முதற்கதை அதுவே. முதன்முதல் தம் எழுத்தை அச்சில் கண்டவர், அதன்மேல் பிறர் பெயரையே கண்டார்.

இந்நிகழ்ச்சியில் எண்ணத்தக்கது ஒன்று உண்டு. தேவதாஸைக் கையெழுத்தில் வைத்திருந்த ஒருவர்க்கே தம் பெயரை இட மனம் துணியவில்லையெனின், புதிதாக எழுதுவோர் உள்ளத்து ஐயம் எத்துணை வலியதாக இருத்தல் வேண்டும்! நடுவர்க்கு எழுதியவர் இன்னார் எனத் தெரியாது; தெரிந்திருந்தாலும் பயனில்லை. ஏழையென்றோ, படிப்பு முடியாதவரென்றோ தள்ளுதற்கும் இடமில்லை. வேண்டியவர் என்று தழுவுதற்கும் இடமில்லை. கதை ஒன்றே முன் நின்றது. இக்காலத்துப் போட்டிகள் பலவற்றில் பெயரைத் தனித்தாளில் எழுதி உறையிலிடச் சொல்வதும், கதைத்தாளில் எக்குறிப்பும் கூடாதென விலக்குவதும் இதுபற்றியேயாம்.

பரிசு பெற்றமையால் அவர் உடனே எழுத்தாளராகிவிட்டார் என்று கருதுதல் தவறு. இரங்கூனில் அவர் கணக்கு அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். ஆண்டுகள் பல கழிந்தன. 1907-இல் ‘பாரதி’ என்னும் வங்க இதழில், அவர் ஊரில் விட்டுவந்த ‘பெரியக்கா’ என்னும் கதை அவரது இசைவின்றியே வெளிவரத் தொடங்கிற்று. தொடக்கப் பகுதிகளில் ஆசிரியர் பெயர் இல்லை. படித்தோர் சிலர் அதனை இரவீந்திரநாத தாகூர் எழுதியதென்றே கருதினர். 1912-இல் இரங்கூனில் அவர் குடியிருந்த வீடு தீப்பற்றியபோது கையெழுத்துப் படிகள் சில எரிந்துபோயின. அலுவலை விட்டு 1916-இல் அவர் வங்கம் திரும்பினார். தேவதாஸ் 1917-இல் நூலாயிற்று. பரிசுக்கும் அதற்கும் இடையே 14 ஆண்டுகள்.

குந்தலீன் பரிசு ஒரு கதைக்கு உரியது. ஒரு முழுநூலுக்கே பரிசு வழங்கும் முறையும் உண்டு. அமெரிக்க நாட்டின் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1919 முதல் இளங்கவிஞர் வரிசை ஒன்றை நடத்திவருகின்றது. இதுவரை நூல் வெளியிடாத கவிஞர்கள் தம் கையெழுத்துப் படியை அனுப்புவர். தேர்ந்தெடுக்கப்பட்ட படியைப் பதிப்பகமே நூலாக வெளியிடும். பொருட்கொடையினும் இம்முறை சிறந்ததென்றே சொல்லலாம். பணம் செலவாகிவிடும், நூலோ படிப்பவரைத் தேடிச் செல்லும். ஏட்ரியன் ரிச் என்னும் மங்கை 1951-இல் தம் கல்லூரிப் படிப்பை முடித்த ஆண்டிலேயே இவ்வரிசையில் முதல் நூலைக் கண்டார்.

அவர் நூலைத் தேர்ந்தவர் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன். 1940-களின் பிற்பகுதி முதல் 1959 வரை நடுவராயிருந்த அவர், தகுதியுடையது ஒன்றும் இல்லையென்று கண்டால் அவ்வாண்டுப் பரிசை வழங்காது விடவும் தயங்கியதில்லை. 1955-இல் தமக்கு அனுப்பப்பெற்ற படிகளுள் எதுவும் அவர்க்கு நிறைவு தரவில்லை. நடுவரிடம் எல்லாப் படிகளும் செல்வதில்லை என்பது ஈண்டு அறியத்தக்கது. முதற்கண் வேறு சிலர் படித்துக் கழிப்பர். எஞ்சிய சிலவே நடுவர் மேசையை அடையும். ஜான் ஆஷ்பெரி என்னும் இளைஞரின் படி அவ்வாறு கழிக்கப்பட்டவற்றுள் ஒன்று. இதனை நண்பர் வாயிலாக அறிந்த ஆடன், அவரது படியையும் அவர் நண்பர் ஃபிராங்க் ஒஹாராவின் படியையும் நேரே வருவித்துப் படித்தார். ஆஷ்பெரியின் நூல் தேர்வு பெற்று 1956-இல் வெளிவந்தது. பின்னாளில் அமெரிக்காவின் முதன்மையான கவிஞருள் ஒருவராக அவர் மதிக்கப்பெற்றார். 1976-இல் புலிட்சர் பரிசும் எய்தினார். சல்லடையின் கண் பெரிதாயின் பதரும் தங்காது வீழும், மணியும் வீழும். முதற்படிப்புச் செய்வோர் யாவர் என்பதைப் பரிசுகள் பல விளம்பரப்படுத்துவதில்லை. ஆனால் பரிசின் மதிப்பில் பெரும்பகுதி அவர்கள் கையிலேயே உள்ளது.

ஒஹாராவின் படி தேர்வு பெறவில்லை. ஆடன் அதனை வாளா திருப்பியனுப்பாமல், தமக்குப் பட்ட குறையை எடுத்துரைத்துக் கடிதம் ஒன்றும் எழுதினார். ஒஹாரா அக்கருத்தை முற்றும் ஏற்றுத் தம் போக்கை மாற்றிக்கொண்டாருமல்லர், எழுதுவதைக் கைவிட்டாருமல்லர். 1957-இல் நியூயார்க்கு நகரத்துக் குரோவ் பதிப்பகம் அவரது கவிதை நூலொன்றை வெளியிட்டது.