தவணை தவறிக் கெட்ட பெயரைச் சரிசெய்வது எப்படி?

நெல்லில் ஒரு போகம் கெட்டால் அடுத்த போகத்தில் ஈடுகட்டலாம். வங்கியில் பெயர் கெட்டால் அவ்வளவு விரைவில் ஈடுகட்ட இயலாது. இது உழவர்கள் பலருக்கும் அடுத்த கடன் கேட்டுப் போகும் அன்றுதான் தெரிய வருகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரக் கிராமங்களில் கூட்டம் நடத்தும்போது விதை, உரம் பற்றிய கேள்விகளுக்கு அடுத்தபடியாக எங்களிடம் கேட்கப்படுவது இதுதான்: "ஐயா, சிபில் சரியில்லை என்று கடனை நிறுத்திவிட்டார்கள். என்ன செய்வது?"

வழி உண்டு. பொறுமையுடன் படிப்படியாகச் செய்தல் வேண்டும்.

சிபில் என்பது என்ன?

வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வாங்கிய கடனையும், தவணை கட்டிய விவரத்தையும் பதிவு செய்து வைக்கும் நிறுவனங்கள் நம் நாட்டில் நான்கு உள்ளன. அவை சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகும். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இவை இயங்குகின்றன. இவை அளிக்கும் மதிப்பெண் 300 முதல் 900 வரை இருக்கும். ஒழுங்காகக் கட்டியவருக்கு மதிப்பெண் உயரும், தவறியவருக்கு இறங்கும்.

கடனே வாங்காதவருக்கு மதிப்பெண் இராது. முதன்முறையாகக் கடன் கேட்பவரை, முன்வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி கூறியுள்ளது.

பெயர் கெட்டால் எவ்வளவு நஷ்டம்?

கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். உரிய காலத்தில் கட்டினால் 3 சதவீதம் குறைந்து 4 சதவீதமே ஆகும். ஒரு லட்சம் ரூபாய்க்கு ஆண்டு வட்டி 4,000 ரூபாய். அதே தொகையை நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டியில் வெளியில் வாங்கினால் ஆண்டுக்கு 36,000 ரூபாய். வித்தியாசம் 32,000 ரூபாய். இந்தச் சுமையைச் சிறு உழவரின் நெல் விளைச்சல் தாங்காது. வீட்டுமனைக்காக நிலம் கேட்டு ஆட்கள் வந்துகொண்டிருக்கும் இப்பகுதியில், வட்டி முற்றினால் நிலமே கைமாறிப் போகும்.

நம் பகுதியில் கெடுவது எப்படி?

வெள்ளத்தில் பயிர் அழிந்து பயிர்க்கடன் நிலுவையாவது ஒரு வகை. இன்னொரு வகையைப் பலர் கவனிப்பதில்லை. மகன் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலைக்குச் சேர்கிறான். மோட்டார் சைக்கிள் கடனுக்குத் தகப்பனார் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார். வேலை நின்றதும் தவணையும் நிற்கிறது. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் உற்பத்தி நின்றதை இப்பகுதி மறந்திராது. நிரந்தரம் என்று நம்பிய சம்பளமும் நின்றுபோகலாம்.

ஜாமீன் போட்ட கடன் ஜாமீன்தாரரின் கோப்பிலும் ஏறும். மாதத் தவணைக் கடன் 90 நாட்களுக்கு மேல் நின்றால் வாராக்கடன் ஆகிவிடும். குறுகிய காலப் பயிர்க்கடனுக்கோ இரண்டு பயிர்ப் பருவம் வரை அவகாசம் உண்டு. ஆகவே, சொர்ணவாரியில் வாங்கிய நெல் கடன் ஒழுங்காக இருக்கும்போதே, மோட்டார் சைக்கிள் தவணை தகப்பனாரின் பெயரைக் கெடுத்துவிடக்கூடும்.

முதற்படி: கோப்பைப் பார்த்தல்

நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பான் எண்ணும் செல்போனும் இருந்தால் அவற்றின் இணையதளத்தில் பெறலாம். படித்த பிள்ளைகளின் உதவியைக் கொள்வது நலம். அறிக்கையில் மூன்றைக் கவனிக்கவும்: நீங்கள் வாங்காத கடன் உள்ளதா, கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவையாகக் காட்டப்படுகிறதா, ஜாமீன் போட்ட கடன் எந்த நிலையில் உள்ளது.

பிழை இருந்தால் ரசீதுடன் வங்கிக்கும் அந்த நிறுவனத்துக்கும் எழுத வேண்டும். 30 நாட்களுக்குள் தீர்வு காணாவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு பெற உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கும் பலனில்லையேல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உள்ளது.

"ரிட்டன் ஆஃப்" தள்ளுபடி ஆகாது

இதில் ஏமாறுவோர் பலர். 2008-இல் மத்திய அரசும், 2021-இல் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்குத் தமிழக அரசும் செய்தது தள்ளுபடி. அந்தக் கடனை நீங்கள் கட்ட வேண்டியதில்லை. அதற்கான சான்றைப் பத்திரமாக வைத்திருக்கவும். அறிக்கையில் "ரிட்டன் ஆஃப்" என்றிருப்பது வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் செய்துகொண்ட மாற்றம் மட்டுமே. கடன் உங்கள் தலைமேல் அப்படியேதான் இருக்கும்.

இரண்டாம் படி: பாக்கியை முடித்தல்

சிறிய பாக்கிகளை முதலில் முடிக்கவும். சில ஆயிரம் ரூபாய் பாக்கிகூடப் பெரிய கடனைத் தடுத்துவிடும். முழுத் தொகையும் கட்டினால் கோப்பில் "குளோஸ்டு" என்று ஏறும். வங்கியோடு பேசி ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டு ஒரே தவணையில் தீர்த்தால் "செட்டில்டு" என்று ஏறும். இதை அடுத்த வங்கி, முழுவதும் கட்டவில்லை என்றே எடுத்துக்கொள்ளும். முடிந்தவரை முழுவதும் கட்டுவதே மேல். முன்பே குறைத்துத் தீர்த்தவர்கள், மீதியையும் கட்டினால் பதிவு மாற்றப்படுமா என்று வங்கியைக் கேட்கலாம்.

எவ்வழியாயினும் பாக்கி இல்லாச் சான்றை எழுத்தில் பெறாமல் வங்கியை விட்டு வரக் கூடாது. ஓரிரு மாதம் கழித்து அறிக்கையை மீண்டும் பார்த்து உறுதி செய்யவும்.

மூன்றாம் படி: புதிய பதிவு

பழைய தவறின் பதிவு ஆண்டுக்கணக்கில் கோப்பில் நிற்கும். அதன்மேல் நல்ல பதிவுகள் சேரச் சேர அதன் பாரம் குறையும். திருப்பிக் கட்டக்கூடிய அளவில் ஒரு சிறு நகைக்கடனோ, வைப்புத்தொகையின் மேல் கடனோ வாங்கி, கெடு நாளுக்கு முன்பே கட்டவும். மகளிர் சுயஉதவிக் குழுக் கடனை ஒழுங்காகக் கட்டுவதும் உதவும். ஒரே சமயத்தில் பல இடங்களில் விண்ணப்பிக்க வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் கோப்பில் பதிவாகும். மதிப்பெண் ஒரே மாதத்தில் ஏறாது. தவறாமல் கட்டி வந்தால் காலப்போக்கில் ஏறும்.

பணம் கொடுத்தால் சிபிலைச் சரிசெய்து தருவதாகக் கூறும் தரகரை நம்ப வேண்டாம். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. பிழையான பதிவை நீங்களே செலவின்றித் திருத்தலாம்.

வருமுன் காத்தல்

2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் போன்று இயற்கைச் சேதம் நேர்ந்தால், கெடு தேதி கடக்கும் வரை காத்திராமல் வங்கி மேலாளரை உடனே அணுகவும். பயிர்ச் சேதத்துக்கு அரசு ஆவணம் இருந்தால், பயிர்க்கடனை நீண்டகாலத் தவணையாக மாற்றித் தர ரிசர்வ் வங்கி விதிகளில் இடமுண்டு. கெடு கடந்தபின் கேட்பதைவிட முன்பே கேட்பதற்கு மதிப்பு அதிகம்.

ஜாமீன் கையெழுத்துப் போடுமுன், அந்தத் தவணையை நாமே கட்ட நேர்ந்தால் முடியுமா என்று எண்ணிப் பார்க்கவும். நவரைக்கு நாற்று விடும் முன் ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொள்வது போல, கடன் கேட்கும் முன் கோப்பைப் பார்த்துக்கொள்வதும் இனி உழவுத் தொழிலில் ஒரு வேலையே ஆகும்.