இடித்த வீட்டுச் செங்கல் மழைத் தண்ணீரை வடிகட்டும்!

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு. எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். அடுக்குமாடி எழும்பப் போகிறது. இடித்த கல்லும் மண்ணும் மலைபோல் குவிகின்றன. அதற்கு "ரப்பிஷ்" என்று பெயர். லாரிக்குப் பணம் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

அந்தக் குவியலில் உள்ள செங்கல்லுக்கு அதே வீட்டு வாசலில் ஒரு வேலை காத்திருக்கிறது.

என்ன வேலை?

மொட்டை மாடியில் விழும் மழைத் தண்ணீரை வடிகட்டி, பூமிக்குள் அனுப்பும் வேலை!

2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆயிற்று. அதற்கு முன்பே பெசன்ட் நகரில் வீடு வீடாகச் சென்று இதைச் சொன்னவர் சேகர் ராகவன். மந்தைவெளியில் 2002-ல் "ரெயின் சென்டர்" திறக்கப்பட்டது.

முறை எளிது. ஒரு குழி தோண்டுகிறார்கள். அடியில் பெரிய செங்கல் துண்டு. அதன்மேல் சிறிய செங்கல் ஜல்லி. மேலே ஆற்று மணல். துளையிட்ட மூடி. அவ்வளவுதான்.

தி.நகர் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மாம்பலம் ஏரி இருந்த இடத்தில் 1920-களில் எழுந்த ஊர் அல்லவா! களிமண் உள்ள இடத்தில் தண்ணீர் சீக்கிரம் இறங்காது. குழிக்குள்ளே ஒரு துளையும் ஆழமாகப் போட வேண்டும்.

செங்கல் என்பது சுட்ட களிமண். அதில் பொடிப்பொடித் துளைகள் உண்டு. தண்ணீர் துண்டுகளுக்கு இடையே வளைந்து வளைந்து மெல்ல இறங்கும். சேறும் தூசியும் மணலிலும் செங்கல்லிலும் தங்கிவிடும்.

வங்கதேசத்தில் கிணற்று நீரில் ஆர்செனிக் என்ற விஷம் கலந்திருக்கிறது. அங்கே பிறந்த விஞ்ஞானி அபுல் ஹுசாம் ஒரு வடிகட்டி செய்தார். இரும்பு, மணல், கரி, செங்கல் துண்டு. இவைதான் அதன் அடுக்குகள். விஷத்தைப் பிடிப்பது முக்கியமாக இரும்புதான். 2007-ல் அவருக்கு அமெரிக்காவில் 10 லட்சம் டாலர் பரிசு கிடைத்தது!

எல்லா ரப்பிஷும் உதவுமா? உதவாது. தட்டினால் "கணீர்" என்று ஒலிக்கும், நன்றாகச் சுட்ட செங்கல் வேண்டும். பெயிண்ட், ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டுத் துண்டு, கழிவறைச் சுவர்க் கல், இவை கூடவே கூடாது. சிமெண்டில் சுண்ணாம்பு உண்டு. அது தண்ணீரில் கரையும். ஆகவே பூச்சைச் செதுக்கிவிட்டு, செங்கல்லைக் கழுவிப் போட வேண்டும்.

ஒன்று நினைவிருக்கட்டும். செங்கல் சேற்றைத்தான் தடுக்கும். கிருமியைக் கொல்லாது. கிணற்றுத் தண்ணீர் தெளிவாக இருந்தாலும், காய்ச்சாமல் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர்! சட்டம் வந்து 16 ஆண்டு ஆன பிறகு இந்த நிலை. குழி தோண்டியவர்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள்? சேறு அடைத்த குழியில் தண்ணீர் இறங்காது. வழிந்து தெருவுக்குப் போகும், கடைசியில் கடலுக்கு.

ஐப்பசி மழைக்கு முன்பே மூடியைத் திறக்க வேண்டும். மேல் மணலை அள்ளி அலச வேண்டும். செங்கல்லில் சேறு படிந்திருந்தால் அதையும் எடுத்துக் கழுவிப் போட வேண்டும். இரண்டு ஆள் இருந்தால் ஒரு நாளில் முடிகிற வேலை.