பனி இல்லாத மாதங்களில் பனிச்சறுக்கு!

பனிச்சறுக்குப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறீர்களா? உயரமான மலையிலிருந்து 'சர்'ரென்று சறுக்கிக்கொண்டு இறங்குவார்களே, அந்தக் காட்சிதான் உடனே நினைவுக்கு வரும், இல்லையா? அதிலேயே இன்னொரு வகையும் உண்டு. அதில் இறக்கம் கொஞ்சம்தான். சமதரையும் உண்டு; மூச்சு வாங்கும் ஏற்றமும் உண்டு. காலில் நீளமான, மெல்லிய பட்டைகளை மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளிலும் கோல்களை ஊன்றித் தள்ளிக்கொண்டு, பத்து, முப்பது, ஐம்பது கிலோமீட்டர் என்று பனியின் மேல் போக வேண்டும். இதற்கு 'கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்' என்று பெயர். நாம் 'நெடுந்தூரப் பனிச்சறுக்கு' என்று சொல்லிக்கொள்வோம்.

சறுக்கு என்ற பெயரைக் கேட்டு, சுலபம் என்று எண்ணிவிடாதீர்கள். கை, தோள், வயிறு, முதுகு, கால் எல்லாம் ஒரே நேரத்தில் உழைக்க வேண்டும். போட்டி முடிந்து கோட்டைத் தாண்டியவுடன் பலர் அப்படியே பனியில் விழுந்து கிடப்பார்கள். அவ்வளவு களைப்பு!

இந்த வீரர்கள் ஓர் ஆண்டை எப்படிக் கழிக்கிறார்கள்? அதைத் தெரிந்துகொள்ள வடக்கு ஐரோப்பாவில் இருக்கும் நார்வே நாட்டுக்குப் போவோம், வாருங்கள்.

மே மாதத்தில் புத்தாண்டு

நமக்குப் பள்ளி ஆண்டு ஜூன் மாதத்தில் பிறக்கிறது. பனிச்சறுக்கு வீரர்களுக்கு மே மாதத்தில் பிறக்கிறது. மார்ச் மாதத்தோடு போட்டிகள் ஏறக்குறைய முடிந்துவிடும். ஏப்ரலில் ஓய்வு. மே தொடங்கியதும் அடுத்த குளிர்காலத்துக்கான பயிற்சி ஆரம்பம். உலகக் கோப்பைப் போட்டிகள் நவம்பர் மாதக் கடைசியில்தான் வரும். நடுவில் ஆறு மாதங்களுக்கும் மேல் இருக்கின்றன.

ஆனால் ஒரு சங்கடம். மே மாதம் வெயில் ஏற ஏற, ஊர்களில் இருக்கும் பனி எல்லாம் உருகிப் போய்விடுமே! பனியே இல்லாமல் பனிச்சறுக்குப் பழகுவது எப்படி?

அதற்காகத்தான் 'ரோலர் ஸ்கீ' இருக்கிறது. அது நீளம் குறைந்த ஒரு சட்டம். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம். அதை மாட்டிக்கொண்டு தார்ச்சாலையில் கோல் ஊன்றிப் போவார்கள். பெரும்பாலும் பிரேக் கிடையாது! விழுந்தால் மெத்தென்ற பனியும் கிடையாது, தார்ச்சாலைதான். அதனால் தலைக்கவசம் கட்டாயம் வேண்டும்.

இன்னொரு நாள் மலைப்பாதையில் ஓடுவார்கள். கோல்களைக் கையில் பிடித்துக்கொண்டு, செங்குத்தான ஏற்றத்தில் நீளநீளமாக எட்டு வைத்துத் தாவி ஏறுவார்கள். நார்வே காடுகளில் 'மூஸ்' என்ற பெரிய மான் உண்டு. இந்தப் பயிற்சிக்கு அங்கே வழங்கும் பெயரிலும் அந்த மான் இருக்கிறது! மற்ற நாட்களில் சைக்கிள் ஓட்டுவது, எடை தூக்குவது என்று வேலைகள் இருக்கும். மழை பெய்தாலும் விடுமுறை இல்லை.

காலையில் ஒரு பயிற்சி. பிறகு நல்ல சாப்பாடு, கொஞ்ச நேரத் தூக்கம். மாலையில் இன்னொரு பயிற்சி. இப்படியே வாரம் வாரமாக, மாதம் மாதமாகப் போகும். கைதட்ட ஆள் கிடையாது. படம் எடுக்கக் கேமராவும் கிடையாது.

இடையிடையே மலை முகாமும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ நம் ஊட்டியைப் போன்ற உயரத்தில், சில வாரங்கள் தங்குவார்கள். அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. அதை ஈடுகட்ட உடம்பு இரத்தச் சிவப்பணுக்களை அதிகமாக உண்டாக்கும்.

மெதுவாகப் போகத் தெரிந்தவர்கள்

இப்போது ஒரு கேள்வி. வேகமாகப் போக விரும்புகிறவர் எப்படிப் பழக வேண்டும்? "தினமும் வேகமாக ஓடிப் பழக வேண்டும்" என்றுதானே சொல்வீர்கள்? அதுதான் இல்லை!

அவர்கள் பயிற்சியில் பெரும்பகுதி மெதுவானது. பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே போகலாம், மூச்சு வாங்காது. அந்த அளவு வேகம்தான். வாரத்தில் ஒரு சில முறை மட்டும் முழு மூச்சாக விரைவார்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. நெடுநேரம் மெதுவாக உழைக்கும்போது இதயம் வலுப்பெற்று, ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை அனுப்பும். தசைகளுக்குள் மெல்லிய இரத்தத் தந்துகிகள் பெருகும். செல்லின் ஆற்றல் நிலையம் என்று படித்திருப்பீர்களே, மைட்டோகாண்ட்ரியா, அதுவும் பெருகும். இவை ஒரே நாளில் வளர்பவை அல்ல. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வளர்பவை. தினமும் முழு வேகத்தில் ஓடினால், உடம்பு அலுத்துப்போகும், நோயும் வரும், பயிற்சியும் நின்றுபோகும்.

பயிற்சியின் நடுவே விரல் நுனியில் சின்னதாகக் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுப்பதும் உண்டு. அதில் 'லாக்டேட்' என்ற பொருள் கூடியிருந்தால், வேகம் அதிகமாகிவிட்டது என்று பொருள். "வேகத்தைக் குறை" என்பார் பயிற்சியாளர். இளம் வீரர்களுக்கு இதுதான் மிகவும் கஷ்டம். நண்பன் முந்திப் போகும்போது, நாம் வேண்டுமென்றே மெதுவாகப் போவதென்றால் சும்மாவா?

பண்ணை வீட்டுப் பெண்

இப்படிப் பொறுமையாகப் பழகி உயர்ந்தவர் மாரிட் பியோர்கன். 1980ஆம் ஆண்டு பிறந்தவர். நார்வேயில் ரோக்னஸ் என்ற சிற்றூரில் ஒரு பண்ணையில் வளர்ந்தவர்.

2002ஆம் ஆண்டு சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். 2006இல் மீண்டும் ஒரு வெள்ளி. தங்கம் கிடைக்கவில்லை. அடுத்த சில பருவங்களும் அவருக்குச் சரியாக அமையவில்லை. ஆனால் பயிற்சியை அவர் விடவில்லை. 2010ஆம் ஆண்டு வான்கூவர் ஒலிம்பிக்கில்தான் முதல் தங்கம் கிடைத்தது. முதல் ஒலிம்பிக்குக்கும் முதல் தங்கத்துக்கும் நடுவே எட்டு ஆண்டுகள்! அந்த ஒரே ஒலிம்பிக்கில் 3 தங்கம் உட்பட 5 பதக்கங்கள் வாங்கினார். 2014இல் சோச்சியில் இன்னும் 3 தங்கம்.

2015ஆம் ஆண்டு டிசம்பரில் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. "இனி அவ்வளவுதான்" என்றா இருந்தார்? 2017 உலகச் சாம்பியன்ஷிப்பில் 4 தங்கம் வென்றார்! 2018ஆம் ஆண்டு பியோங்சாங் ஒலிம்பிக்கின் கடைசிப் போட்டி பெண்களுக்கான 30 கிலோமீட்டர். அதில் இரண்டாவதாக வந்தவரை ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் பின்னுக்குத் தள்ளி வென்றார். அப்போது அவருக்கு வயது 37. மொத்தம் 15 ஒலிம்பிக் பதக்கங்கள், அவற்றில் 8 தங்கம். அந்த ஆண்டிலேயே ஓய்வு பெற்றார். அதுவரை குளிர்கால ஒலிம்பிக்கில் யாருமே அத்தனை பதக்கங்கள் வாங்கியதில்லை.

ஒரு நாட்குறிப்பின் கதை

மாரிட் தம் பயிற்சியை நாள் தவறாமல் எழுதி வைத்தார். இன்று எத்தனை மணி நேரம், என்ன வேகம் என்று ஒவ்வொன்றும் அதில் இருந்தது. பதினேழு ஆண்டுகளின் குறிப்புகளை நார்வே ஆராய்ச்சியாளர்கள் படித்துக் கணக்கிட்டு, 2017இல் வெளியிட்டார்கள்.

அதில் என்ன தெரிந்தது? இருபது வயதில் அவர் ஆண்டுக்குச் சுமார் 520 மணி நேரம் பயிற்சி செய்தார். அது படிப்படியாக உயர்ந்து சுமார் 940 மணி நேரம் ஆயிற்று. ஒரே தாவலில் ஏறவில்லை, பாருங்கள்! 940 மணி நேரம் என்றால் எவ்வளவு? ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் வகுப்பில் இருந்தால், 188 பள்ளி நாட்கள்! அதிலும் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல், நாம் முன்பு பார்த்த அந்த மெதுவான பயிற்சிதான்.

இந்தக் குறிப்பேட்டில் பொய் எழுதினால் யாருக்கு நஷ்டம்? எழுதியவருக்குத்தான். செய்யாத பயிற்சியைச் செய்ததாக எழுதினால் பயிற்சியாளர் ஏமாந்து போவார்; குளிர்காலம் ஏமாறாது!

பனி வந்துவிட்டது!

அக்டோபர் மாதத்திலேயே வீரர்கள் பனியைத் தேடிப் புறப்படுவார்கள். சுவிட்சர்லாந்தில் டாவோஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே குளிர்காலத்துப் பனியை மலைபோல் குவித்து, மரத்தூளால் மூடி, கோடை முழுவதும் காப்பாற்றுகிறார்கள்! நம் ஊரில் ஐஸ் பாளத்தை மரத்தூள் போட்டு மூடி வைப்பார்களே, அதே உத்திதான். இலையுதிர் காலத்தில் அதை எடுத்துப் பரப்பினால், புதுப்பனி விழும் முன்பே பாதை தயார்.

போட்டிகள் தொடங்கிவிட்டால், வீரருக்குப் பின்னால் இன்னொரு படையும் உழைக்கும். பட்டையின் அடியில் மெழுகு பூசுபவர்கள்! அன்றைய பனி ஈரமா, உலர்ந்ததா, எத்தனை டிகிரி குளிர் என்று பார்த்து அதற்கேற்ற மெழுகைத் தேர்ந்தெடுப்பார்கள். மெழுகு தவறினால் பட்டை வழுக்காது, ஆறு மாத உழைப்பும் வீண். குளிர் பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரியைத் தாண்டினால் போட்டி நடக்காது.

பெண் குழந்தைகளுக்கு ஒரு செய்தி: முன்பு பெண்களுக்குக் குறைந்த தூரமே வைத்திருந்தார்கள். 2022-23 பருவம் முதல் உலகக் கோப்பைப் போட்டிகளில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே தூரம்தான்.

நம் நாட்டிலும் இந்த விளையாட்டு உண்டு. காஷ்மீரத்துக் குல்மார்க்கில் பனிச்சறுக்குப் பழகுகிறார்கள். மாரிட் கடைசியாக ஓடிய அதே 2018 ஒலிம்பிக்கில், இந்திய ராணுவ வீரர் ஜகதீஷ் சிங்கும் 15 கிலோமீட்டர் போட்டியில் கலந்துகொண்டார்.

குழந்தைகளே! நீங்கள் பழகுவது ஓட்டமோ, வீணையோ, கணக்கோ, எதுவாக இருந்தாலும் ஒரு சிறு குறிப்பேடு போடுங்கள். இன்று எவ்வளவு நேரம் பழகினேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் புரட்டிப் பாருங்கள். முன்னேற்றம் உங்களுக்கே தெரியும்.

இனித் தொலைக்காட்சியில் ஒருவர் வெண்பனியில் முதலாவதாக வந்து கையை உயர்த்தும்போது, நீங்களும் கைதட்டுங்கள். கூடவே, யாரும் பார்க்காத அந்த மே மாதத்து மழையில், தார்ச்சாலையில் தன்னந்தனியாகக் கோல் ஊன்றிப் போனாரே, அதற்கும் சேர்த்துத் தட்டுங்கள்!