ஒரே ஆள், இரண்டு எண்

இலங்கையில் 2016 ஜனவரிக்கு முன் எடுத்த தேசிய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். அதன்பின் வந்த அட்டைகளில் பன்னிரண்டு இலக்கங்கள். பழைய அட்டையைத் தொலைத்துவிட்டுப் புதிதாக எடுத்த லுணுகலைத் தோட்டத்துப் பெண் ஒருவர், நிவாரணப் பட்டியலில் பழைய எண்ணோடும் கிளினிக் பட்டியலில் புதிய எண்ணோடும் இருக்கலாம். இரண்டு பட்டியலையும் ஒன்றாக்கினால், கணினியின் கணக்கில் அவர் இரண்டு பேர்.

இதற்குத் தீர்வு பழைய எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு நாளோடு 500 கூட்டப்படும். 85532 என்று தொடங்கினால், 1985 பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த ஒரு பெண். கடைசி எழுத்தை நீக்கி, முன்னால் 19 சேர்த்து, நாளைக் குறிக்கும் இலக்கங்களை அடுத்து ஒரு பூச்சியம் போட்டால் புதிய எண் வந்துவிடும். பதியும்போதே மென்பொருள் இதைச் செய்துவிட்டால் ஒருவருக்கும் தொல்லையில்லை.

பெயர் அப்படி அடங்காது. மலையகத்தில் ஒருவரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் சிங்கள எழுத்திலும், தோட்டப் பதிவில் ஆங்கிலத்திலும், பள்ளிக்கூடத்தில் தமிழிலும் ஏறியிருக்கும். ஒவ்வொரு முறையும் ஓரெழுத்து கூடும், குறையும். இன்னொரு பக்கம், ஒரே தோட்டத்தில் ஒரே முதலெழுத்தோடு இரண்டு மூன்று ராமசாமிகள் இருப்பதும் சாதாரணம். ஒலி ஒத்த பெயர்களை ஒன்றுசேர்க்கும் 'சவுண்டெக்ஸ்' முறைக்கு அமெரிக்காவில் 1918இலேயே காப்புரிமை கிடைத்தது. ஆனால் அது ஆங்கில எழுத்துகளுக்கென்று செய்தது. அதைக்கொண்டு சந்தேகப்படலாம், முடிவெடுக்கக் கூடாது.

சரி, ஏற்கனவே உள்ள பதிவு மறுபடி வந்தால் மென்பொருள் என்ன செய்ய வேண்டும்? தரவுத்தளங்கள் இதற்குப் பல வழிகளை வைத்திருக்கின்றன. எஸ்கியூலைட் ஐந்து தெரிவுகளைத் தருகிறது. எதையும் சொல்லாவிட்டால் அந்த வேலையை நிறுத்திப் பிழை என்று அறிவிக்கும். மைஎஸ்கியூஎல்லில் 'இக்னோர்' என்றால் புதிய பதிவு சத்தமில்லாமல் விழுந்துவிடும். 'ரீப்ளேஸ்' இன்னும் ஆபத்து: பழைய வரியை முழுதாக அழித்துவிட்டுப் புதியதை எழுதும். புதிய பதிவில் தொலைபேசி எண் இல்லையென்றால், பழையதில் இருந்த எண்ணும் போய்விடும். இருப்பதில் வேண்டிய பகுதியை மட்டும் திருத்தும் வசதியை போஸ்ட்கிரஸ் 2016 ஜனவரியில்தான் சேர்த்தது.

மென்பொருள் எழுதுபவர்கள் அதிகம் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. சிறு பிள்ளைகளிடம் அடையாள அட்டை இல்லை. எண் கட்டத்தில் 'மதிப்பே இல்லை' என்று பதிந்தால், பெரும்பாலான தரவுத்தளங்கள் அவர்களைத் தனித்தனி ஆட்களாக ஏற்கும். வெற்று எழுத்தாகப் பதிந்தாலோ எல்லோருக்கும் ஒரே 'எண்'. முதல் பிள்ளை பட்டியலில் ஏறும், இரண்டாவது பிள்ளை இரட்டைப் பதிவென்று தள்ளப்படும். செக்ரோலில், அதாவது வேலை வரவுப் பதிவேட்டில், ஒரு பேர் விடுபட்டால் ஒரு நாள் சம்பளம் போகும் என்பதைத் தோட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நிவாரணப் பட்டியலில் ஒரு பேர் விடுபட்டால் போவது அதைவிடப் பெரிது.

2004 டிசம்பர் சுனாமியை அடுத்து இலங்கைத் தன்னார்வலர்கள் 'சஹானா' என்ற இலவச மென்பொருளை உருவாக்கினார்கள். காணாமற்போனோர் பதிவேடும் முகாம் பதிவேடும் அதன் அடிப்படைப் பகுதிகள். தாய் ஒரு முகாமிலும் மாமன் இன்னொரு முகாமிலும் ஒரே பிள்ளையைத் தேடிப் பெயர் கொடுக்கும் சூழலில், இரட்டைப் பதிவைத் தவிர்க்கவே முடியாது. 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது கூகுள் தொடங்கிய 'பேர்சன் ஃபைண்டர்' ஒன்றை அழித்து மற்றொன்றை வைக்கவில்லை. இரண்டையும் விட்டுவைத்து, 'இவை ஒரே ஆளாக இருக்கலாம்' என்று இணைப்புப் போட வழி செய்தது. ஊவா மாகாணத்துக்கு இது தூரத்துச் செய்தியல்ல. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்தபோது, காணாமற்போனோர் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருந்தது.

கனடாவின் புள்ளியியலாளர்கள் ஃபெலெகியும் சன்டரும் 1969இல் வகுத்த முறையில் மூன்று விடைகள் உண்டு: ஒரே ஆள், வேறு ஆள், மனிதர் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது. பிரதேச செயலகத்துக்கோ தோட்ட மருந்தகத்துக்கோ செய்யும் மென்பொருளில் இந்த மூன்றுக்கும் ஏற்ற தெரிவுகளே போதும்: சேர், தனியாக வை, பிறகு பார்க்க ஒதுக்கு. இருபது தெரிவுகளை அடுக்கினால் வேலை நெருக்கடியில் இருக்கும் உத்தியோகத்தர் எதையும் தொடாமல் அப்படியே விட்டுவிடுவார். அதனால், தொடாவிட்டால் என்ன நடக்கும் என்பதே மிக முக்கியமான வடிவமைப்பு முடிவு. அது 'பிறகு பார்க்க ஒதுக்கு' என்பதாகத்தான் இருக்க வேண்டும். சேர்த்த பதிவை மறுபடி பிரிக்கும் வழியும் கட்டாயம் இருக்க வேண்டும். இவ்வகை மென்பொருளை வாங்கும் அலுவலகங்கள், பணம் கொடுக்கும் முன் இந்த இரண்டையும் கேட்டுப் பார்த்துவிட்டு வாங்கட்டும்.