உலமா: ஒரு பன்மைச் சொல்லின் உட்பொருள்

'ஓர் உலமா உரையாற்றினார்' என்கிறோம். 'உலமாக்கள் கலந்துகொண்டனர்' என்றும் எழுதுகிறோம். பம்மல், பல்லாவரம் பகுதிகளின் மீலாது விழாச் சுவரொட்டிகளிலும் இவ்வழக்குகளைக் காணலாம். அரபியில் 'உலமா' என்பதே பன்மை. அதன் ஒருமை 'ஆலிம்'. முதல் வழக்கு பன்மையை ஒருமையாக்குகிறது. மற்றது பன்மையின் மேல் பன்மையை ஏற்றுகிறது. 'வலீ'யின் பன்மையான 'அவ்லியா'வை நாம் 'அவ்லியாக்கள்' ஆக்கியதும் இவ்வாறே. வந்த சொல் தமிழ் விகுதி ஏற்பது இயல்பு. 2009இல் தமிழக அரசு அமைத்த நலவாரியத்தின் பெயரும் 'உலமாக்கள்' என்றே தொடங்குகிறது. இதில் குறைகாண்பது நம் நோக்கமன்று. அச்சொல்லின் வடிவத்திற்குள் அடங்கிய ஒரு பொருளை நாம் மறந்துவிட்டோம் என்பதே நம் கவலை.

'இல்ம்' என்றால் அறிவு; 'ஆலிம்' என்றால் அறிபவர். இத்தகைய சொல்லுக்கு 'ஆலிமூன்' என்பதே நேரான பன்மை. 'உலமா' என்னும் அமைப்போ பெரும்பாலும் 'ஃபஈல்' வாய்பாட்டுச் சொற்களுக்கு உரியது: கரீம்–குரமா, ஃபகீஹ்–ஃபுகஹா. ஒருவரிடம் நிலைத்துவிட்ட பண்பைக் குறிப்பது அவ்வாய்பாடு. அவ்வாறாயின் 'ஆலிம்' ஏன் அப்பன்மையைப் பெற்றது?

ஹிஜ்ரி 392இல் (கி.பி. 1002) மறைந்த இலக்கண மேதை இப்னு ஜின்னீ தரும் விளக்கம் 'லிஸானுல் அரப்' அகராதியில் பதிவாகியுள்ளது. நெடுங்காலம் அறிவோடு பழகி, அது தம் இயல்பாகவே ஆகிவிட்ட பின்னரே ஒருவர் ஆலிம் எனப்படுகிறார். துறைக்குள் நுழையும்போது அவர் 'முதஅல்லிம்', அதாவது மாணவர் மட்டுமே. எனவேதான் இயற்பண்பைக் குறிக்கும் சொற்களின் பன்மை இதற்கும் வந்தது என்பது அவர் கருத்து. நம் அரபுக் கல்லூரிகளில் ஏறத்தாழ ஏழாண்டுகள் ஓதி ஸனது பெறும் இளைஞர் அன்றே 'ஆலிம்' எனப்படுகிறார். ஆண்டுதோறும் அம்மேடைகளில் அமர்கின்ற நமக்கு இப்னு ஜின்னீயின் சொல் சற்று உறுத்தவே செய்கிறது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் பெயரில் நிற்கும் 'ஆலிம்', வாழ்நாள் முழுதும் கற்பித்து, அரபியிலும் அரபுத் தமிழிலும் நூல்கள் இயற்றியவரைச் சுட்டுகிறது.

திருக்குர்ஆனில் 'உலமா' இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று, அஷ்ஷுஅரா அத்தியாயத்தில் (26:197), இஸ்ராயீலின் மக்களிடையே இருந்த அறிஞர்களைக் குறித்து. ('ஷாஇர்' என்பதன் பன்மையாகிய அவ்வத்தியாயப் பெயரும் இதே வாய்பாடுதான்.) மற்றொன்று ஃபாத்திர் அத்தியாயத்தில் (35:28). அல்லாஹ்வை உள்ளபடி அஞ்சுவோர் உலமாவே என்னும் அக்கூற்றை நாம் மேடைதோறும் ஓதுகிறோம். அதற்கு முன்னுள்ள பகுதியோ மழையையும், பல நிறக் கனிகளையும், மலைகளின் வெண்மை, செம்மை, கருமைப் பாதைகளையும், மனிதர், விலங்குகளின் நிற வேறுபாடுகளையும் பேசுகிறது. படைப்பை நோக்கும் பார்வையோடு வந்த சொல்லை ஃபிக்ஹு நூல் பயின்றவருக்கு மட்டும் உரியதாக்கியது பிற்கால வழக்கு.

மனிதரைக் குறித்து 'அறிந்தோர்' எனப் பன்மையில் 29:43 போன்ற வசனங்கள் கூறுகின்றன. 'ஆலிம்' என்னும் ஒருமையோ குர்ஆனில் எந்தத் தனிமனிதருக்கும் வழங்கப்படவில்லை. அது வரும் இடங்களிலெல்லாம் மறைவானவற்றை அறிபவன் என்னும் பொருளில் அல்லாஹ்வையே குறிக்கிறது.